பல்கலைக்கழகத் தலைமையும் ஆசிரியர் பற்றுறுதியும்: ஆசுதோஷ் முகர்ஜியின் வாழ்வு

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவோரின் பற்றுறுதி ஊதியத்தால் மட்டும் அமைவதன்று. தலைமை அவர்கள்மீது கொள்ளும் நம்பிக்கையாலும் அமைவதாகும். இக்கருத்தைத் தெளிவுறுத்தும் வாழ்வாகக் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜியின் (1864–1924) வாழ்வு விளங்குகின்றது. அவர் உருவாக்கிய பணிச்சூழலின் வலிமையையும் வரம்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஆசுதோஷ் 1864 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் மருத்துவர் கங்கா பிரசாத் முகர்ஜியின் மகனாகப் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று 1885இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கணித ஆய்வில் நாட்டம் மிக்கிருந்தும் அத்துறையில் நிலைப்பதற்கான வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. எனவே சட்டம் பயின்று, 1904இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். தமக்குக் கிட்டாத ஆய்வுவாழ்வு அடுத்த தலைமுறைக்குக் கிட்டவேண்டும் என்னும் வேட்கையே அவருடைய பிற்காலப் பணிகளுக்கு அடிப்படை எனலாம்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

1906 முதல் 1914 வரை அவர் துணைவேந்தராக இருந்தார். பகலில் நீதிமன்றப் பணியும், எஞ்சிய நேரத்தில் பல்கலைக்கழகப் பணியுமாக உழைத்தார். தேர்வு நடத்தும் அமைப்பாகவே பெரிதும் இயங்கிவந்த பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் நிறுவனமாக மாற்ற முனைந்தார். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் கொடைகளைக்கொண்டு 1914இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்.

பாலித் இயற்பியல் இருக்கைக்கு அவர் தேர்ந்தவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன். அவர் அப்போது அரசின் நிதித்துறை அலுவலர். அலுவலக நேரம் போக எஞ்சிய வேளைகளில் ஆய்வு செய்துவந்தார். வெளிநாட்டுப் பயிற்சி பெறவேண்டும் என்னும் விதிக்கு இராமன் இணங்காதபோது, விதியைத் தளர்த்தி ஆளை ஏற்க ஆசுதோஷ் வழிசெய்தார். உயர்ந்த அரசு ஊதியத்தைத் துறந்து இராமன் 1917இல் பணியேற்றார். வேதியியல் இருக்கையைப் பிரபுல்ல சந்திர ராய் ஏற்றார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா என்னும் இளைஞர்கள் விரிவுரையாளர்களாயினர். 1921இல் திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் மெய்யியல் இருக்கைக்கு வந்தார். மாநிலம், வயது, பதவி ஆகியவற்றினும் திறனே முதன்மை பெற்ற பணிச்சூழல் இவ்வாறு உருவாயிற்று.

நெருக்கடியும் பற்றுறுதியும்

1921இல் அவர் மீண்டும் துணைவேந்தரானபோது பல்கலைக்கழகம் கடும் நிதிநெருக்கடியில் இருந்தது. ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்குவதே அரிதாயிற்று. 1922இல் வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆயின் நிதிக் கட்டுப்பாடு குறித்த நிபந்தனைகளை உடன் விதித்தது. தன்னுரிமையை விற்று நிதி பெறுவதை ஆசுதோஷ் ஏற்கவில்லை. ஆட்சிப்பேரவையும் அவர் வழி நின்றது. 1923இல் வேந்தர் லிட்டன் பிரபு நிபந்தனையுடன் அளிக்க முன்வந்த மறுநியமனத்தையும் அவர் மறுத்தார்.

அம்மறுப்பின் சுமையைத் தாங்கியோர் ஆசிரியர்களே என்பது கருதத்தக்கது. தலைமை தன் பதவியை இழக்கவும் அணியமாக இருந்தமையால்தான், பிறரிடம் தியாகத்தை எதிர்பார்க்கும் தகுதி அதற்கு உண்டாயிற்று. அறுபது வயது நிறைந்த பிரபுல்ல சந்திர ராய் 1921 முதல் தம் ஊதியத்தை வேதியியல் துறைக்கே வழங்கியமை அப்பணிச்சூழலின் உச்சநிலைச் சான்றாகும்.

வரம்புகள்

அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் குவிந்தது என்றும், வரவை மீறித் துறைகள் பெருக்கப்பட்டன என்றும் அவர்காலத்திலேயே கண்டனங்கள் எழுந்தன. அவற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. போஸ் 1921இல் டாக்காவிற்கும், சாகா 1923இல் அலகாபாத்திற்கும் சென்றனர். நம்பிக்கை ஆசிரியரை ஈர்க்கும். நிலையான வருவாயும் வசதியும் இன்றி அனைவரையும் நிறுத்திவைக்க அதனால் இயலாது.

முடிவுரை

1924 மே 25 அன்று ஆசுதோஷ் பாட்னாவில் மறைந்தார். அவர் தேர்ந்த இராமன், பாலித் பேராசிரியராக இருந்தபோதே 1928இல் தம் புகழ்மிக்க கண்டுபிடிப்பை நிகழ்த்தி, 1930இல் நோபல் பரிசு பெற்றார். திறனறிந்து தேர்தல், விதியினும் ஆளை மதித்தல், இழப்பில் தானும் பங்கேற்றல் ஆகிய மூன்றும் அவருடைய தலைமையின் கூறுகளாகும். அவை தனியொருவரின் இயல்பாக நின்றுவிடாது நிறுவனத்தின் முறைமையாக மாறும்போதே பணியாளரின் பற்றுறுதி தலைமுறை கடந்தும் நிலைபெறும் என்பது இவ்வாழ்வு உணர்த்தும் முடிபாகும்.