சேலத்து வீரர் விஜயராகவாச்சாரியார்

நம் சேலத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் 1852ஆம் ஆண்டு பொன்விளைந்தகளத்தூரில் பிறந்தார். சட்ட வகுப்புக்குச் செல்லாமல் தாமே பயின்று தேறி, 1881இல் வக்கீலானார். மறு ஆண்டே சேலம் நகராட்சி உறுப்பினரானார்.

அவ்வாண்டு ஊரில் மூண்ட கலவரத்தைத் தூண்டியவர் இவரே என்று குற்றம் சாட்டிப் பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். சென்னை உயர் நீதிமன்றம் இவரை நிரபராதி என விடுவித்தது. ஆயினும் அரசு இவரது நகராட்சிப் பதவியைப் பறித்துவிட்டது.

இவர் வாளா இருக்கவில்லை. லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்து, 1884இல் வென்றார். நஷ்ட ஈடு 100 ரூபாய்தான்! ஆனால் தவறு செய்தால் அரசும் ஈடு தரவேண்டும் என்று அது காட்டிற்று.

1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இப்பெரியார் 1944இல் மறைந்தார்.

தோழியரே, நியாயத்தைக் கேட்க நாமும் அஞ்சாதிருப்போம்!