மூன்றாம் வகுப்பு படித்த விஞ்ஞானி

ஏற்காடு போய்வந்த தோழர்கள் கிளியூர் அருவியைக் கண்டிருப்பார்கள். சேர்வராயன் மலையிலே மழை பொழிந்து, ஏரி நிரம்பி, மிகுந்த நீர் வழிந்தோடி வந்து முந்நூறு அடிப் பள்ளத்தில் பாய்கிறது. கவிஞன் கண்டால் வெள்ளி உருகி ஓடுகிறது என்பான். பக்தன் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். பாட்டாளியின் பிள்ளை கண்டால் என்ன கேட்க வேண்டும்? இவ்வளவு வேகமும் பாறையில் மோதிப் பாழாகிறதே, இதற்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன என்று கேட்க வேண்டும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் நீர் 300 அடி விழுகிறது. அந்த விசையை ஒரு சிறிதும் சிந்தாமல் பிடிக்க முடிந்தால் கிடைப்பது ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரம். ஒரு குதிரைச்சக்தி மோட்டார் இருபது நிமிடம் ஓடும். கரி எரிய வேண்டாம். புகை எழ வேண்டாம். கதிரவன் கடல்நீரை ஆவியாக்கி மேலே ஏற்றுகிறான்; மேகம் அதை மலைமேல் இறக்குகிறது. ஏற்றுக்கூலியும் இல்லை, இறக்குக்கூலியும் இல்லை!

நீர் இருக்கிறது, சரி. மின்சாரமும் பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் கிணற்று நீரை இறைக்க, தறியை ஓட்ட, மோட்டார் வேண்டுமே! மோட்டாரை யார் செய்வது? சீமையிலிருந்து கப்பலேறி வர வேண்டுமா, நம்மவர் பட்டறையிலே பிறக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். சேலத்துக்கு அடுத்த கொங்குச் சீமை, கோவையிலே வாழ்ந்தவர். ஜி. டி. நாயுடு என்று நாடு அவரை அறியும். பெயரின் வாலாகத் தொங்கும் சாதிப் பட்டம் நமக்கு ஒவ்வாது. பெற்றோர் இட்ட பெயர் துரைசாமி. அப்படியே அழைப்போம்.

1893 மார்ச் 23. கோவைக்கு அருகே கலங்கல் எனும் சிற்றூர். உழவர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முற்றுப்பெற்றது. நாமகள் நாவிலே எழுதினால்தான் அறிவு வரும் என்று நம்புகிறவர்கள் அந்தப் பையனைப் பார்த்து, தலையெழுத்து இவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார்கள். பையனோ தலையெழுத்தை நம்பவில்லை. தன் கையை நம்பினான்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடில்லை, குதிரையில்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! மற்றவர்கள் வாய்பிளந்து நின்றார்கள். துரைசாமி, இது எப்படி ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தார். கோவைக்குப் போனார். உணவு விடுதியிலே பரிமாறும் வேலை பார்த்தார். சோற்று வாளி தூக்கிச் சேர்த்த காசு, ஒருநாள் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கியது. வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. பிரித்தார், பூட்டினார், மீண்டும் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுதான் அவர் படித்த கல்லூரி!

1920இல், ஸ்டேன்ஸ் எனும் வெள்ளைக்கார முதலாளியின் கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யு.எம்.எஸ். எனும் பெரிய நிறுவனமாயிற்று. முதலாளியாகி மெத்தையிலே சாய்ந்திருக்கலாம். அவர் பட்டறைக்குத்தான் போனார்.

அந்த வேளையிலேதான் கொங்கு நாட்டின் தலைவிதியையே மாற்றிய ஒன்று நடந்தது. நீலகிரியிலே பைக்காரா ஆறு, கிளியூர் அருவிபோலவே ஆனால் அதனினும் பன்மடங்கு உயரத்திலிருந்து, மலைச்சரிவிலே இறங்கும் ஆறு. அதனைக் குழாயிலே அடக்கி, சுழலியிலே பாய்ச்சி, 1932இல் மின்சாரம் எடுத்தார்கள். கம்பி வழியே மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. 1937இல் காவிரியும் மின்சாரம் தரலானாள். ஆறு நம்முடையது, மழை நம்முடையது, மலையைக் குடைந்த உழைப்பு நம்முடையது. மோட்டார் மட்டும் அந்நியனுடையது!

அந்தக் குறையைத் துடைத்ததுதான் துரைசாமியின் தலையாய தொண்டு என்போம். 1937இல், டி. பாலசுந்தரம் எனும் மற்றொரு கோவைத் தொழில் மேதையுடன் கூடி மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதனைப் போற்றுகிறார்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை இன்று பேர்பெற்று விளங்குகிறதென்றால், அந்த மரத்தின் வேர் அங்கே இருக்கிறது.

உலர் மின்கலத்திலே ஓடும் சவரக் கருவி செய்தார். பழரசம் பிழியும் கருவி செய்தார். பஸ்ஸிலே சீட்டுத் தரும் இயந்திரம் செய்தார். ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் அறிவித்தார். பருத்தியிலும் சோளத்திலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி நடத்தினார், சர் சி. வி. இராமனே வந்து அவர் பண்ணையைப் பார்த்தார். மூன்றாம் வகுப்புக்காரர் வீட்டுக்கு நோபல் பரிசுக்காரர் விருந்தாளி! பெரியாருக்கு நண்பர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்க செய்தி.

கோவையிலே ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்பள்ளியும், 1945இல் பொறியியற் கல்லூரியும் எழ அவர் முன்னின்றார். கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு வீண், பட்டறையிலே பழக்கினால் இரண்டாண்டு போதும் என்றார். சர்க்கார் ஏற்கவில்லை, பதவியை விட்டு விலகினார். 1952இல் இரண்டுபேர் போகத்தக்க சிறு கார் செய்தார். விலை 2,000 ரூபாய். உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே போயிற்று.

தோழர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, பொருளும் இருந்தது. ஆட்சியின் ஆதரவு இல்லை. பணம் படைத்த துரைசாமிக்கே இந்தக் கதி என்றால், கைப்பொருள் இல்லாத பட்டறைத் தொழிலாளியின் மூளையில் உதித்த எண்ணங்கள் எத்தனை எத்தனை மண்ணோடு மண்ணாயினவோ! தனிமனிதனின் மேதைமை ஒரு விளக்கு. அது ஊருக்கெல்லாம் ஒளிதர வேண்டுமானால் ஆட்சி எண்ணெய் வார்க்க வேண்டும். அதனால்தான் ஆட்சி யார் கையில் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

1974 சனவரி 4ஆம் நாள் துரைசாமி மறைந்தார். கேள்வி மறையவில்லை, உருமாறி நிற்கிறது. அன்று ஆற்று நீர். இன்று காற்றும் கதிரவனும். முப்பந்தல் கணவாயிலே காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியிலே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. 1998இல் சென்னையிலே காற்றாற்றல் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் அமைந்தது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் அதன் நிலையம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாற்றிலே இருக்கிறது. காற்றாலையின் தலைக்குள்ளே இருப்பது என்ன? மோட்டாரின் உடன்பிறப்பு! மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மோட்டார். சுழற்றினால் மின்சாரம் கொடுப்பது மின்னாக்கி. மோட்டாரைக் கற்ற கைக்கு மின்னாக்கி அந்நியமன்று.

காற்று நம்முடையது, வெயில் நம்முடையது. சூரியத் தகடும் மின்கலமும் மட்டும் என்றைக்கும் அயலான் கடையிலேதான் வாங்க வேண்டுமா? ஐ.டி.ஐ.யிலே படிக்கும் நம் பிள்ளை பூட்டும் கூலியாக மட்டும் நிற்பதா, புதிதாக ஆக்கும் விஞ்ஞானியாக உயர்வதா?

கோவை அவிநாசி சாலையிலே, 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நன்று. அதே சாலையிலுள்ள காட்சியகத்தில் அவர் கருவிகள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்காதீர்கள். இது எப்படி ஓடுகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பிள்ளை நாளை கிளியூர் அருவியின் எதிரே நின்றாலும், அதே கேள்வியைத்தான் கேட்கும்!