கேப்டன் டிரைப்பின் 19 அடிப் படம்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கொடைக்கானலுக்கு வருவோர் கோக்கர்ஸ் வாக்கில் நின்று கைப்பேசியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புவதை நாள்தோறும் காண்கிறோம். டால்பின் நோஸ் பாறையும், கீழே பெரியகுளமும், வானம் தெளிந்த நாளில் அதற்கும் அப்பாலுள்ள சமவெளியும் ஒரே நீண்ட படமாகி விடுகின்றன. கைப்பேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, விளிம்புகள் ஒத்து வரும் இடம் கண்டு ஒட்டித் தருகிறது என்பது அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிந்ததே. கணினியைக் கனவிலும் காணாத 1858ஆம் ஆண்டில், இந்த ஒட்டு வேலையைத் தமிழ் மண்ணில் கையாலேயே செய்து முடித்தார் ஒருவர். அவர்தாம் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்தவர் டிரைப். தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரே இவருக்கும் அமைந்தது. வாலிப வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோதுதான் அப்போது புதிதாகப் பிறந்திருந்த புகைப்படக்கலை அவரைப் பற்றிக்கொண்டது. 1854இல் பெங்களூர் திரும்பியவர், அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் அப்படங்களுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் அரசின் தூதுக்குழுவுடன் பர்மா சென்று வந்தார். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் என்ற பதவியே அவருக்குக் கிடைத்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார் டிரைப். சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஏறத்தாழ நான்கரை மாதம் நீண்ட பயணம் அது. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி அன்று மாட்டு வண்டியில் ஏறியது. அவருடைய எதிர்மறைப் படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் கொண்டது. படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் அன்று இல்லை. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய கருவி வேண்டும். கண்ணாடியும் பயன்பட்டது, ஆனால் பெரும்பாலும் அவர் நம்பியது காகிதத்தை. காகிதத்துக்கு மெழுகு ஊட்டி ஒளி ஊடுருவச் செய்து, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து எடுப்பார்கள். நம் ஆய்வகத்தில் விரலைக் கறுக்க வைக்கும் அதே வெள்ளி நைட்ரேட்தான்! வெயில் கொளுத்தும் நாட்டில் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள ஏற்ற முறை இது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. படுத்த யானை போன்ற யானைமலையை அதன் ஒரு முனைப் பக்கமிருந்து எடுத்தார். மனிதன் கட்டிய கோபுரத்துக்குக் காட்டிய அதே மரியாதையை அந்த மொட்டைப் பாறைக்கும் அவர் காட்டியிருப்பதைப் படத்தைக் கண்டோர் உணர்வர்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடுகின்றன இராசராச சோழனின் கல்வெட்டுகள். அரசன் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியரும் மற்றவரும் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான் அம்மன்னன். அவ்வளவு நீண்ட எழுத்து வரிசை ஒரே படத்தில் அடங்குமா? தொலைவில் நின்றால் அடங்கும். ஆனால் எழுத்து தெரியாது. டிரைப் அருகிலேயே நின்று, பகுதி பகுதியாக 21 படங்கள் எடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மலைக்காட்சியை எடுப்பவர் நின்ற இடத்தில் நின்றபடி கருவியை மட்டும் திருப்ப வேண்டும். இடம் பெயர்ந்தால் தூரத்து மலை அசையாது. கிட்டத்து மரமும் கம்பி வேலியும் விலகிப்போய் ஒட்டு பிசகும். கட்டை விரலை நீட்டி இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பார்த்தால் விளங்கிவிடும். சுவர் எழுத்துக்கோ இதற்கு நேர்மாறான முறை. ஒரே இடத்தில் நின்று திரும்பினால் ஓரத்து எழுத்துகள் சாய்ந்து சிறுத்துவிடும். எனவே சுவரிலிருந்து ஒரே தொலைவில், சுவருக்கு இணையாக நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடும், நிழல் மாறும், ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் போகும். 21 படங்களையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர எத்தனை பொறுமை வேண்டும்!

படத்தைத் திருத்தும் கலையிலும் அவர் கைதேர்ந்தவர். அக்காலக் காகிதம் நீல ஒளியை அளவுக்கு மீறி உண்ணும். ஆகவே வானம் வெறுமையாகவோ திட்டுத் திட்டாகவோ விழும். டிரைப் எதிர்மறைப் படத்தின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மங்கிய இலைத் தழைகளையும் தொட்டுத் தெளிவாக்கினார். இது ஏமாற்று வேலை அல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். என் கருத்து வேறு. மேகம் அரை நாழிகையில் கலைவது. நம் கொடைக்கானலிலோ அரை நிமிடமே அதிகம். அதைக் கலைஞன் வரையலாம். மலையின் முகட்டை உயர்த்தினாலோ கல்வெட்டில் இல்லாத எழுத்தைச் சேர்த்தாலோதான் பொய்ச்சாட்சி. பூம்பாறைப் பக்கத்தில் பூண்டு விளைவிக்கும் எங்கள் குடும்பத்தில் எழுத்தைக் கையால் தொட்ட முதல் ஆள் நான். எனவே எழுத்தின் அருமையைப் பற்றிச் சற்று அழுத்தமாகப் பேசுவதைப் பொறுத்தருள்க. அக்கல்வெட்டுகளை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் படித்துத் தொகுத்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைப் படத்தில் காத்து வைத்தார் டிரைப்.

அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற ஐயாசாமி என்னும் தமிழரின் பெயரும் சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் தொடக்க வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மெழுகுக் காகிதமும் ரசாயனமும் ஏந்தி நின்ற அக்கைகளுக்கும் அந்த 19 அடியில் பங்கு இல்லாமலா போகும்?

சென்னைக்குத் திரும்பிய டிரைப், படங்களை அச்சிட்டுத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். வேலை சூடுபிடித்த வேளையில் இடி விழுந்தது. 1857ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அரசின் கருவூலம் வற்றியிருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவலியன், இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்த ஆணையிட்டார். 1860இல் அந்த அலுவலகம் மூடப்பட்டது. அப்போது டிரைப்புக்கு 38 வயதுதான். அதன் பிறகு அவர் புகைப்படக்கலையில் முன்போல் ஈடுபடவே இல்லை.

இரண்டே ஆண்டுகளில், 1862இல், பழனி மலைகளை ஆராய டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி அனுப்பப்பட்டார். பேரிஜம் பக்கம் ஹாமில்டன் கோட்டை என்று இன்றும் வழங்குவது அவர் பெயரால்தான். வெள்ளையர் படைகளுக்குக் குளிர்ந்த தங்குமிடம் தேடுவதே நோக்கம். இம்மலைகளின் முகடுகளையும் பள்ளத்தாக்குகளையும் அவர் கையால் வரைந்து வைத்தார். அருமையான ஓவியங்கள்தாம். ஆனாலும் டிரைப்பின் அலுவலகம் மூடப்படாமல் இருந்திருந்தால், சோலைகள் அழியாத, சீமை மரங்கள் ஏறாத அன்றைய பழனி மலை, ஒட்டு ஒட்டாக நீண்ட படமாய் நமக்குக் கிடைத்திருக்குமே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டிரைப் படைப்பணிக்கே திரும்பி, மேஜர் ஜெனரல் என்னும் கௌரவப் பட்டத்துடன் ஓய்வு பெற்றார். 1902ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பிறந்த ஊராகிய டெவன்போர்ட்டிலேயே காலமானார். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களின் பெரும் காட்சியகங்கள் அவருடைய இந்திய, பர்மியப் படங்களைத் திரட்டி மக்கள் பார்வைக்கு வைத்தன.