கடலுக்கு அடியில் போன கேமரா
(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஒர்க்ஷாப்பில் கை அழுக்காக நிற்கும்போது, 'இந்த டிப்ளமோ எதுக்கு உதவப் போவுது?' என்று யோசிக்காதவர் நம்மில் யார்? அவர்களுக்காகத்தான் லூயி பூத்தான் கதையைச் சொல்ல வந்தேன்.

1859-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் பிறந்தவர் பூத்தான். உயிரியல் விஞ்ஞானி. மத்தியதரைக் கடலோரம் பன்யூல்ஸ் என்ற ஊரிலிருந்த அராகோ ஆய்வுக்கூடத்தில் சிப்பி, நத்தை வகைகளை ஆராய்ந்தார். கனமான உலோகத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். கீழே கண்டதை மேலே வந்து வாயால் சொன்னால் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. போட்டோ எடுத்துக் காட்டினால் என்ன என்று நினைத்தார்.

நினைப்பது சுலபம். ஆனால் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுமே! அவருடைய சகோதரர் ஒகுஸ்த் ஒரு இன்ஜினியர். அவர் வடிவமைக்க, தண்ணீர் புகாத உலோகப் பெட்டி ஒன்று தயாரானது. காற்று நிரம்பிய ரப்பர் பந்தைப் பெட்டியோடு இணைத்தார்கள். ஆழம் கூடக் கூட, தண்ணீர் பந்தை அமுக்கும். காற்று பெட்டிக்குள் போகும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். நாம படிச்ச பாயில் விதிதான்!

1893-ல் அந்தக் கேமரா கடலில் இறங்கியது. அடுத்த தடை வெளிச்சம். தண்ணீர் ஒளியை விழுங்கும். அதிலும் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும். ஒரு படத்துக்கு 30 நிமிடம் வரை ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டி வந்தது. நீந்துகிற மீன் அதில் எப்படி விழும்? அதனால் மக்னீசியத்தை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். முதலில் செய்த கண்ணாடிக் குமிழ் விளக்கு வெடிக்கிற ஆபத்து உடையது. பிறகு பெரிய பீப்பாயின் மேல் ஸ்பிரிட் விளக்கு வைத்து, அந்தச் சுடரில் மக்னீசியத் தூளை ஊதி எரித்தார்கள். 1899-ல் மின்சார ஆர்க் விளக்கின் துணையோடு 50 மீட்டர் ஆழத்திலும் படம் எடுத்தார்கள். 1900-ல் பூத்தான் இதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். 1934-ல் மறைந்தார்.

இன்று டிஜிட்டல் கேமராவில் ரா ஃபைல் இருக்கிறது. சென்சாரில் விழுந்த ஒளியின் கணக்கை அப்படியே வைத்திருக்கும். நீலம் பூத்த படத்தின் நிறச் சமநிலையைக் கரைக்கு வந்து கம்ப்யூட்டரில் திருத்தலாம். ஆனால் ஒளி கூடிப்போய் வெள்ளையாக வெந்த இடத்தையோ, ஷட்டர் மெதுவாகி அசைந்துபோன மீனையோ எந்தக் கம்ப்யூட்டரும் மீட்டுத் தராது. சென்சாரில் விழாத சிவப்பும் அப்படித்தான். அதுக்கு இன்றும் பக்கத்திலேயே ஃபிளாஷ் அடிக்கணும். அப்பர்ச்சர், ஷட்டர், வெளிச்சம் மூன்றையும் தண்ணீருக்குள்ளேயே சரியாக வைக்க வேண்டும். அன்று பூத்தான் பட்ட பாடும் இதுதான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லேத் ஓட்டுகிறவர். இந்தக் கதையைச் சொன்னபோது அவர் விஞ்ஞானியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அந்தப் பொட்டிக்கு மூடி யாருப்பா போட்டது? ஒரு சொட்டுத் தண்ணி இறங்காம செஞ்சிருக்கானே!" என்றார்.

நண்பர்களே, அந்த மூடியைப் போடுகிற கைகள்தான் நம் கைகள். விஞ்ஞானியின் கனவு கடலுக்குள் இறங்க, ஒழுகாத பெட்டி ஒன்று வேண்டும். அதைச் செய்யப் படிப்போம்!