ராய்ஸ் வாங்கிய பழைய கார்

பழைய கார் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகாது, நாலு பேர் தள்ள வேண்டும். ஸ்டார்ட் ஆனாலும் பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று மக்கர் பண்ணும். விற்றுத் தொலைக்கச் சொல்லி வீட்டில் தினம் ஒரு பாட்டு. நமக்கோ மனசு வராது. ஞாயிற்றுக்கிழமையானால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கிரீஸ் கையோடு நிற்போம்.

அப்படி நின்ற ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் உலகத்துக்கே தெரியும், ஆனால் எப்போதும் இன்னொருவர் பெயருக்குப் பின்னால்தான் வரும். ரோல்ஸ்-ராய்ஸில் இருக்கிற ராய்ஸ்.

ஹென்றி ராய்ஸ் பிறந்தது 1863-ம் ஆண்டு மார்ச் 27-ம் தேதி, இங்கிலாந்தில் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில். அப்பா மாவு மில் நடத்தினார். தொழில் நொடித்துப்போய்க் குடும்பம் லண்டனுக்கு வந்தது. 1872-ல் அப்பா ஏழைகள் விடுதியில் இறந்தார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடம் போனது ரொம்பக் கொஞ்ச காலம்தான். உறவில் ஓர் அம்மாள் இரக்கப்பட்டு, வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டி, கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் அப்ரென்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷத்தில் அந்த அம்மாளிடம் பணம் தீர்ந்துவிட்டது, பயிற்சியும் பாதியில் நின்றது. லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வாரம் 54 மணி நேரம் வேலை, கூலி 11 ஷில்லிங். பிறகு லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனி, கூடவே மாலை வகுப்பு. அவ்வளவுதான் அவருடைய படிப்பு. நம் மாணவர்கள் அரியர்ஸ் பற்றிக் கவலைப்படும்போது இதை நினைத்துக்கொள்ளலாம் (அரியர்ஸ் வைப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது!).

1884-ல் சேர்த்து வைத்த 20 பவுண்டோடு மான்செஸ்டர் குக் தெருவில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். கூட்டாளி எர்னஸ்ட் கிளேர்மான்ட் 50 பவுண்டு போட்டார். முதலில் மின்சார மணியும் விளக்குச் சாமான்களும், அப்புறம் டைனமோ, மின்சாரக் கிரேன் என்று தொழில் வளர்ந்தது. ராய்ஸ் டைனமோ என்றால் பொறி பறக்காமல் ஓடும் என்று நல்ல பெயர்.

1902 வாக்கில் தலைவலி ஆரம்பித்தது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான சரக்கு வந்து இறங்கியது, ஆர்டர் குறைந்தது. விலையைக் குறைப்பதற்காகத் தரத்தைக் குறைக்க ராய்ஸ் சம்மதிக்கவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார். மனுஷர் சாப்பிட மறந்துவிடுகிறார் என்று பால் டம்ளரோடு ஒரு பையனை அவர் பின்னாலேயே அனுப்புவார்களாம். கடைசியில் உடம்பு படுத்துவிட்டது. ஓய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பலில் அவர் படித்துக்கொண்டு போனது மோட்டார் வண்டிகளைப் பற்றிய புத்தகம்! ஊர் திரும்பியதும் செகண்ட் ஹேண்டில் ஒரு பிரெஞ்சுக் கார் வாங்கினார். டெக்காவில் கம்பெனி, 10 குதிரைத் திறன், இரண்டு சிலிண்டர்.

வண்டி மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது ஸ்டார்ட்டே ஆகவில்லை, நாலு பேர் குக் தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக்கு டெக்காவில் மோசமான கார் இல்லை, நல்ல கார் என்றே பெயர் வாங்கியது. அதே காரை வேறு யாராவது வாங்கியிருந்தால், கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ராய்ஸால் முடியவில்லை. சத்தம், நடுக்கம், சூடு, நம்ப முடியாத இக்னிஷன் எல்லாமே அவரை உறுத்தின.

இக்னிஷன்தான் அவருக்குக் கை வந்த விஷயம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஒரு தகடு நடுங்கி நடுங்கி மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும், அதில்தான் பொறி உண்டாகும். தகட்டின் முனை கொஞ்சம் கருகிப்போனாலும் இஞ்சின் இரும ஆரம்பித்துவிடும். டைனமோவில் பொறி வராமல் பார்த்துக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மல்லுக்கட்டிய மனிதர் இதைச் சும்மா விடுவாரா? வண்டியைக் கழட்டிப் போட்டு ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். ஒன்றைத் திருத்தினார், இன்னொன்றைப் புதிதாகச் செய்தார். ஒரு கட்டத்தில் இதையே முழுசாக நாமே செய்துவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

கிளேர்மான்டுக்கு இதில் சந்தோஷம் இருந்திருக்க நியாயமில்லை. கிரேன் வியாபாரமே ஆட்டம் கண்டிருக்கும்போது, கூட்டாளி இரண்டு அப்ரென்டிஸ் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பட்டறை மூலையில் கார் கட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? ராய்ஸ் விடவில்லை. டெக்காவில் போட்ட வழியிலேயே போனார். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கார்புரேட்டர், சைலன்சர், காயில், கியர் என்று அதில் இருந்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். 1904 ஏப்ரல் 1-ம் தேதி முதல் ராய்ஸ் கார் பட்டறையை விட்டு வெளியே வந்து, சுமார் 15 மைல் தள்ளி நட்ஸ்ஃபோர்டில் இருந்த அவர் வீடு வரைக்கும் ஓடியது. முட்டாள்கள் தினம்தான், ஆனாலும் ஏமாற்றவில்லை.

மொத்தம் மூன்று கார் கட்டினார். ஒன்று கிளேர்மான்டுக்குப் போனது. சோதனை வண்டிதானே, அது வழியில் நின்றுவிடும் என்று பயந்து, பின்னாலேயே ஒரு வாடகைக் குதிரை வண்டியை வரச் சொல்லுவாராம் கிளேர்மான்ட். ரோல்ஸ்-ராய்ஸ் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று இப்படியும் பெயர் எடுத்திருக்கிறது என்பதில் நமக்கு ஒரு ஆறுதல்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்தவர், லண்டனில் வெளிநாட்டுக் கார் விற்றுக்கொண்டிருந்த சார்லஸ் ரோல்ஸ். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே அவருக்குப் பிடிக்காது. 1904 மே 4-ம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் ராய்ஸைச் சந்தித்தார், காரில் ஏறிப் பார்த்தார், மனசு மாறிவிட்டார். 1906-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி பதிவானது. 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்துபோனார்.

ராய்ஸின் உடம்பு மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. 1911-ல் மறுபடி விழுந்தார், அடுத்த வருஷம் பெரிய ஆபரேஷன். சில மாதங்கள்தான் இருப்பார் என்று டாக்டர்கள் கெடு வைத்தார்கள். அவர் இருந்தது இன்னும் 21 வருஷம். டெர்பி தொழிற்சாலையை விட்டுத் தள்ளி, பிரான்ஸின் தென்கரையிலும் வெஸ்ட் விட்டரிங் கடலோரத்திலும் வீட்டிலிருந்தபடியே டிசைன் பண்ணினார். படங்கள் தபாலில் போகும், செய்த பாகங்கள் அவர் பார்வைக்கு வரும், குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். முதல் உலகப் போரின் ஈகிள் விமான இஞ்சின் அப்படி வந்ததுதான். அவருடைய ஆர் இஞ்சின் பூட்டிய விமானம் 1931-ல் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியபோது அவருக்கு வயது 68, பாதி நாள் படுக்கையில்.

1930-ல் சர் பட்டம் கிடைத்தது. 1933 ஏப்ரல் 22-ம் தேதி காலமானார். அஸ்தியை முதலில் டெர்பி தொழிற்சாலையில் அவருடைய சிலைக்குக் கீழே வைத்தார்கள். 1937-ல் எடுத்துக்கொண்டு போய், அப்பா மில் நடத்திய அதே ஆல்வால்டன் கிராமத்து மாதா கோயிலில் வைத்தார்கள்.