தேகப்பயிற்சி ஆசான் ஹாரி குரோ பக்

கல்வியென்பது அறிவை மாத்திரம் வளர்ப்பதன்று. உடலையும் உள்ளத்தையும் உடன் வளர்ப்பதே நிறைந்த கல்வியாம். இவ்வுண்மையை வாயாற் சொல்லுவோர் பலர். வாழ்நாளைச் செலவிட்டு நாட்டி வைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கப் பெரியார். சென்னை ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவியவர் இவரே. விளையாட்டுத் திடலிற் கால்வைத்த மாணாக்கர் பலரும் இவர் பெயரைக் கேட்டிருப்பர். இவர் வரலாற்றை அறிந்தோர் குறைவு. சிறிய கலாசாலைகள் தம் விளையாட்டுக் குழுக்களை எங்ஙனம் அமைப்பது, வெளியிலிருந்து ஆட்டக்காரரைத் தேடிச் சேர்ப்பது தகுமா, பழக்கிய மாணாக்கன் வேறு கலாசாலைக்குப் போய்விட்டால் என் செய்வது என்னும் வினாக்கள் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் பகுதியிலும் எழுகின்றன. ஆதலின் அப்பெரியாரின் சரிதத்தை நம் மாணாக்கர் முன் வைப்பது பயனுடைத்து என்று கருதுகிறோம்.

பக் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள பெருந்துறைமுகமாகிய லிவர்பூல் வேறு. இது சஸ்குவஹன்னா ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிறு ஊர். பின்னர் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து, தேகப்பயிற்சி முறைகளைக் கற்றுத் தேர்ந்தார்.

அக்கலாசாலை அளவிற் சிறிது, புகழிற் பெரிது. 1891-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், வெளியே சென்று விளையாட இயலாமற் சோர்ந்திருந்த ஒரு வகுப்பு மாணாக்கர்க்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தது அங்கேதான். அங்குப் பயின்ற வில்லியம் மார்கன் என்பார், நடுத்தர வயதினரும் மூச்சு முட்டாது ஆடுதற்கேற்ப 1895-இல் கைப்பந்தாட்டத்தை அமைத்தார். எளிய இடத்தில், எளிய கருவிகளைக் கொண்டு, வகுப்பிலுள்ளார் எல்லோரும் ஆட வேண்டும் என்பதே இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் அடிப்படை. அக்கருத்து பக்கின் உள்ளத்திலும் ஆழ வேரூன்றியது.

அவர் இளைஞராயிருந்த காலத்தில் அந்நாட்டுக் கலாசாலை விளையாட்டு பெரியதொரு நோயாற் பீடிக்கப்பட்டிருந்தது. வெற்றியின்மேல் வைத்த பேராசையால், படிப்பில் நாட்டமில்லாத ஆட்டக்காரரைப் பொருள் கொடுத்துச் சேர்ப்பதும், அவர்கள் ஆண்டுக்கொரு கலாசாலையாக மாறித் திரிவதும் வழக்கமாயின. இவற்றை அடக்கும் நோக்கத்தோடு, சிகாகோ நகரைச் சூழ்ந்த பெருங்கலாசாலைகள் சில 1896-இல் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தித் தமக்குள் விதிகள் செய்துகொண்டன. 1905-ஆம் ஆண்டில் கால்பந்து என்று அவர்கள் வழங்கும் முரட்டு ஆட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழக்கவே, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தாமே தலையிட்டுக் கலாசாலைத் தலைவர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அதன் பயனாக 1906-இல் நாடளாவிய சங்கம் ஒன்று தோன்றிற்று. ஆயினும் விதிகளால் மட்டும் நோய் தீர்ந்தபாடில்லை. 1929-இல் கார்னகி நிறுவனத்தார் நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளை ஆராய்ந்தபொழுது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஆட்டக்காரர்க்கு மறைவாகவோ வெளிப்படையாகவோ பொருளுதவி கொடுக்கப்பட்டமை தெரியவந்தது. விளையாட்டின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே விளங்கிய அத்தகைய நாட்டிலிருந்து பக் நம் நகருக்கு வந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் சென்னைக்கு வந்தது 1919-ஆம் ஆண்டில். துறைமுகத்திற்கு அணித்தாக, எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்திற்கு எதிரே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செந்நிறக் கட்டடம் அப்பொழுதே எழுந்து நின்றது. அக்காலத்துப் பள்ளிகளில் தேகப்பயிற்சி எனப்பட்டது பெரும்பாலும் வெறும் அணிவகுப்பே. பட்டாளத்திலிருந்து விலகிய ஒருவர் கட்டளையிடுவார். பிள்ளைகள் கையையும் காலையும் நீட்டி மடக்குவார்கள். மணி அடித்தவுடன் கலைவார்கள். அதில் மகிழ்ச்சியுமில்லை, உடற்கூற்று அறிவுமில்லை. பந்தாட்டங்களோவெனில் கலாசாலைக் குழுவிற் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர்க்கே உரியனவாயிருந்தன; ஏனையோர் வேடிக்கை பார்ப்போர்.

பள்ளிக்கு வெளியிலோ நிலைமை வேறு. வட சென்னையின் கடற்கரை மக்கள் கட்டுமரந் தள்ளியும் வலை இழுத்தும் உரமேறிய உடலினர். சிலம்பமும் சடுகுடுவும் அவர்க்குப் பரம்பரைச் செல்வங்கள். குத்துச்சண்டையோ இப்பகுதியில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்னும் பரம்பரைகளாகப் பிரிந்து வளர்ந்தது. ஒரு பரம்பரையைச் சார்ந்தவன் அதன் மானத்தைத் தன் மானமாகக் கொண்டு மேடை ஏறுவான். இவ்வாறு உடல்வலி தெருவிலும் கடற்கரையிலும் வாழ, கல்விச்சாலையின் மதிலுக்குள் அதற்கு இடமில்லாதிருந்தது. இப்பிளவை நீக்குவதே பக் மேற்கொண்ட தொண்டின் சாரம்.

அவர் நினைத்திருந்தால் தேர்ந்த வீரரைத் திரட்டிப் புகழ்பெற்ற குழு ஒன்றை அமைத்து, வெற்றிக் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கலாம். அவரோ ஆசிரியர்களை உண்டாக்கத் துணிந்தார். 1920-ஆம் ஆண்டில் ஐந்தே மாணாக்கரைக் கொண்டு தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாக் கண்டத்தில் இவ்வகைக் கல்விச்சாலைகளுள் இதுவே முதலாவது என்று போற்றப்படுகிறது. உடற்கூற்று நூல், சுகாதாரம், ஆட்ட விதிகள், கற்பிக்கும் முறை ஆகியவற்றோடு மேனாட்டு ஆட்டங்களையும் நம் நாட்டுப் பயிற்சிகளையும் அங்கே சேர்த்துப் பயிற்றினார். பிற நாட்டு மரத்தைப் பெயர்த்து நடுவதைவிட, இம்மண்ணுக்கேற்ற விதையைத் தேர்ந்து விதைப்பதே அவர்க்கு உவப்பாயிருந்தது.

ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இந்தியாவெங்கும் பள்ளிகளிற் கையாளப்பட்டது. அதற்கு முன் ஊருக்கொரு விதியும் நாளுக்கொரு பூசலுமாக இருந்த திடல்களில், ஒத்த விதி ஒத்த நீதியைக் கொணர்ந்தது. வேறு வேறு கலாசாலைகள் ஒரு போட்டியிற் கூடி ஆடுவதற்கு இதுவன்றோ முதற்படி? தேகப்பயிற்சிக்கென வியாயாம் என்னும் பத்திரிகையும் அவர் முயற்சியாற் பிறந்தது.

1924-ஆம் ஆண்டில் அவர்க்கு மற்றொரு கடமை வாய்த்தது. பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்தியத் தடகள வீரரை அழைத்துச் செல்லும் மேலாளராக அவர் நியமிக்கப்பட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் தில்லியில் நடந்த அகில இந்தியப் பந்தயங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட எண்மர் அவருடன் சென்றனர். தடை தாண்டும் ஓட்டத்திற் கலந்துகொண்ட கண்ணூர் லட்சுமணன் அப்பயணத்திற் சென்றவருள் ஒருவர். பிற்காலத்தில் மருத்துவத் துறையில் உயர்பதவி வகித்தவர். அவ்வீரர்கள் பதக்கம் பெற்றுத் திரும்பவில்லை. அதனால் பக் மனந்தளர்ந்தாரல்லர். உச்சியிற் சிலர் விளங்க வேண்டுமாயின் அடியிற் பல்லாயிரவர் பயில வேண்டும் என்று உணர்ந்து, டாக்டர் நோரன் என்னும் தம் நண்பரோடு மாகாணந்தோறும் பயணஞ் செய்து, ஒலிம்பிக் சங்கங்கள் அமைவதற்குத் துணைபுரிந்தார். அம்முயற்சியின் கனியாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றிற்று. சர் தோராப்ஜி டாட்டா அதன் முதல் தலைவரானார், நோரன் செயலாளரானார்.

1930-களில் அவருடைய பள்ளி, அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டைப் பக்கத்தே, இன்று நந்தனம் எனப்படும் இடத்தில், மரஞ்செறிந்த பரந்த நிலத்தில் நிலைபெற்றது. அவர் மனைவியார் மேரி பக் அம்மையாரும் அப்பணிக்கு உற்ற துணையாயிருந்தார். ஐவரோடு தொடங்கிய பள்ளி கலாசாலையாக வளர்ந்தது. அதிற் பயின்றோர் பல மாகாணங்களுக்குஞ் சென்றனர். அவருள் பி. எம். ஜோசப் என்பார் 1938-இல் பம்பாயை அடுத்த காந்திவலியில் ஏற்பட்ட பயிற்சி நிலையத்திற்குத் தலைவராகி, பின்னர் 1957-இல் குவாலியரில் இந்திய அரசாங்கம் நிறுவிய தேகப்பயிற்சிக் கலாசாலைக்கு முதல் முதல்வராயினார். பக் அதனைக் காண இருந்திலர். 1943-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தொன்பதாம் வயது நிரம்பு முன்னரே, அவர் காலஞ்சென்றார்.

இவ்வரலாற்றில் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பக்கின் கலாசாலை ஆண்டுதோறும் தன்னிடமிருந்த சிறந்தோரை இழப்பதற்கென்றே ஏற்பட்டது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் அங்குத் தேறியவர் வேறு பள்ளிகளுக்கும் கலாசாலைகளுக்கும் போயினர். ஓராண்டுக்குப் பின் அவர்களே எதிர்க்குழுவைப் பழக்கி ஆடுகளத்திற் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். அதனை அவர் இழப்பாகக் கருதினாரில்லை. தம் தொழிலின் நிறைவாகவே கருதினார்.

இன்று சிறு கலாசாலைகளின் நிலை எளிதன்று. நம் பகுதி இளைஞன் ஒருவன் பந்தாட்டத்திற் சிறந்து விளங்கினால், சம்பளமின்றிச் சேர்த்துக்கொண்டு உணவும் விடுதியும் அளிக்கும் பெரிய கலாசாலைகள் உண்டு. துறைமுகம், இரயில்வே, போலீசு முதலிய இடங்களில் ஆட்டக்காரர்க்கென ஒதுக்கிய உத்தியோகங்களும் உண்டு. மீன்பிடி வலையையோ தொழிற்சாலைக் கூலியையோ நம்பி வாழும் குடும்பத்திற்கு அது பெரும் வாழ்வு. அவன் போவதைக் குற்றமென்று கூற நமக்கு மனம் வாராது. அவ்வாறே, நாமும் பொருளிறைத்து வெளியாரைச் சேர்த்துக் கிண்ணம் வாங்குவோம் என்பதும் அறிவுடைமையாகாது. அங்ஙனம் வாங்கிய கிண்ணம் அலமாரியில் இருக்கும். நம் மாணாக்கர் திடலின் ஓரத்திலே நிற்பர்.

பக்கின் தாய்நாடு இவ்வழியில் நெடுந்தூரம் சென்றுவிட்டது. கலாசாலை மாற விரும்பும் ஆட்டக்காரர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு அங்கே 2018-இல் வந்தது. 2021-இல் ஒரு முறை மாறுவோர்க்கு ஓராண்டு காத்திருக்கும் தடை நீங்கியது. 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2025 முதல் கலாசாலைகளே ஆட்டக்காரர்க்கு நேரே பணம் கொடுக்கத் தொடங்கின. எனினும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடாத சிறு கலாசாலைகளின் பிரிவும் அந்நாட்டில் நிலைத்திருக்கிறது. பக் பயின்ற ஸ்பிரிங்பீல்டு அப்பிரிவைச் சேர்ந்ததே. அப்பிரிவிலிருந்த அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் சதர்ன் கலாசாலை, பொருள் முடையால் 2024-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் குழுவினர் தொலைவிலுள்ள ஒகையோ மாகாணத்தில் தங்கள் பிரிவின் இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தனர். பெறுதற்கு உதவித்தொகையில்லை, திரும்பிச் செல்லக் கலாசாலையுமில்லை. ஆயினும் ஆடினர். ஆட்டத்தின்மேல் வைத்த அன்பும், தோழர்பால் வைத்த பற்றும் அவர்களை ஆடச் செய்தன. அவ்வன்பைப் பொருள் கொடுத்து வாங்க இயலுமா?

ஆதலின் நம் கலாசாலை எத்தனை கிண்ணங்களை வென்றது என்று மாத்திரம் ஆண்டறிக்கையில் எண்ணுவது போதாது. மாலை நான்கு மணிக்குப் பின் எத்தனை பேர் திடலில் இறங்கினர், முன்பு பந்தைத் தொட்டறியாதவருள் எத்தனை பேர் இவ்வாண்டு தொட்டனர், இங்கே பழகிச் சென்றவருள் எத்தனை பேர் தத்தம் தெருப் பிள்ளைகளைப் பழக்குகின்றனர் என்பவற்றையும் எண்ணுவோமாக. ஐவரோடு தொடங்கியவர் பக். நம்மிடம் அதனினும் மிகுதியான பேர் உளர். கடற்காற்று வீசும் திடலும் உளது. திறமுடையான் ஒருவன் நம்மை விட்டுப் பெரிய இடத்திற்குச் செல்வானாயின், வாழ்த்தி அனுப்புவோம். அவன் இடத்தில் நிற்க இருவரைப் பழக்குவோம். கடல் கடந்து வந்து நம் நகரிலே வாழ்ந்து மறைந்த அவ்வாசானுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவேயாம்.