மானிப்பாயின் மருத்துவ ஆசான்

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய வைத்தியம் வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் மானிப்பாயை விட்டு எழுதுதல் இயலாது. மானிப்பாயைக் கூறுவோர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களை விட்டுக் கூறுதலும் அவ்வாறே. அன்னார் கிறித்து சமயத்தைப் பரப்பும் நோக்கோடு அமெரிக்க மிஷனால் அனுப்பப்பட்டவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நோக்கில் நம் சைவ முன்னோர் அவரோடு உடன்பட்டாரல்லர். எனினும், தம் மாணாக்கர்க்கு அவர் வைத்த இலக்கு எத்துணைக் கடினமானது என்பதை, வைத்தியத்துறை புக விரும்பும் நம் மாணவர் அறிதல் நன்று.

அவர் 1822 ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். 1845 இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847 இல் இலங்கைக்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணாக்கர்க்கு வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். போதனை ஆங்கிலத்தில் நடந்தது. மாணாக்கர் நன்றாகவே கற்றனர். ஆனால் கற்று முடிந்ததும் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவூர்களுக்குச் சென்றனர். உடையும் வாழ்க்கைமுறையும் மாறின. கிராமத்து நோயாளி முன்போலவே வைத்தியரின்றி இருந்தான். இது கிறீன் அவர்களை உறுத்தியது. சம்பளமும் மதிப்பும் தேடிச் சென்ற இளைஞரை நாம் முற்றிலுங் குறைகூற முடியுமா என்பது வேறு வினா.

நலங் குன்றி 1857 இல் தாயகஞ் சென்ற அவர், 1862 இல் மணஞ்செய்து மீண்டும் வந்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். உத்தியோகத்தை எதிர்பாராது தம் ஊரிலிருந்து தம் மக்களுக்குப் பணிபுரிதலே அம்மாணாக்கர்க்கு அவர் காட்டிய இலக்கு. ஆங்கிலப் படிப்பே மேன்மைக்கு வழியென்றிருந்த காலத்தில் இதற்கு இளைஞரை இசைவித்தல் எளிதன்று.

வாயுபதேசத்தோடு அவர் நின்றிருந்தால் ஒருவரும் வந்திரார். இலக்கை எட்டுதற்கு வேண்டிய நூல்களையும் அவரே தேடிக்கொடுத்தார். கற்றரின் உடல்நூல் 1852 இலேயே தமிழில் வெளிவந்திருந்தது. அதன்பின் பிரசவ வைத்தியம் 1857 இலும், இரண வைத்தியம் 1867 இலும் வந்தன. இங்கிலாந்தில் 1858 இல் முதன்முதல் அச்சான கிரேயின் அங்காதிபாதம், பதினான்கே ஆண்டுகளில், 1872 இல், தமிழ் மாணாக்கன் கையிற் கிடைத்தது! கெமிஸ்தம் 1875 இல் வெளிவந்தது. இம்மொழிபெயர்ப்பு வேலையில் அவர் தம் மாணாக்கரையே துணைக்கொண்டார். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர்தேடிய மாணாக்கன் பாடத்தை மனனஞ் செய்தவனல்லன், பாடத்தை ஆக்கியவன். முதலிற் தமிழ்ச்சொல், அஃதின்றேல் வடசொல், அதுவுமின்றேல் ஆங்கிலச்சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவர் கொண்ட முறை. அவர்தம் சொற்களுட் சில இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம், சுகரணம் எனின் இன்றைய மாணவர் திகைப்பர். உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்றே அவர் கற்கின்றனர். ஆயினும், தமிழில் இயலாது என்பார்க்கு அந்நூல்களே விடையாயின.

அவரிடம் வைத்தியங் கற்றோர் 60 இற்கு மேற்பட்டோர்; அவருள் 33 பேர் தமிழிற் கற்றவர்.

1873 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு இறுதியாகப் புறப்பட்டார். வூஸ்ரரில் இருந்துகொண்டும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாம் தமிழர்க்கு மருத்துவப் பணிபுரிந்தவர் என்பது தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார். வூஸ்ரர் மயானத்தில் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது.